எதிரே அமர்ந்திருந்தோர்: சிங்கப்பூர்க் கலைவிழாக்களில் தமிழ்ப் பார்வையாளர்

முன்னுரை

சிங்கப்பூரில் தமிழ்க் கலைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் மேடையிலிருந்தே தொடங்குவர். நாடகம் எழுதியவர், இயக்கியவர், ஆடியவர், பாடியவர், விழாவுக்குத் தலைமை தாங்கியவர் ஆகியோரின் பெயர்கள் விழா மலர்களிலும் நாளிதழ்களிலும் இடம்பெற்றுள்ளன. அவற்றைத் தொகுத்துக் காலமுறைப்படி அடுக்கினால் ஒருவகை வரலாறு கிடைத்துவிடும். ஆனால், மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தோரைப் பற்றி அம்மலர்கள் கூறுவன மிகச் சில. திரளானோர் வந்தனர், மண்டபம் நிரம்பியது என்னும் இரண்டு வழக்கமான தொடர்களுக்குள் அவர்கள் அடங்கிவிடுகின்றனர்.

இக்கட்டுரை அவ்விரு தொடர்களுக்குள் அடங்கிப்போனவர்களைப் பற்றியது. சிங்கப்பூர் நகரில் விழாக்களுக்குச் சென்ற தமிழர் எந்நிலையில் சென்றனர், எவ்வாறு சென்றனர், அங்கு அவர்களுக்கு என்ன பங்கு இருந்தது என்பனவற்றை இது ஆராய முற்படுகின்றது. தொடக்கத்தில் விழாவின் பங்காளியாக இருந்த பார்வையாளர், நகரின் கலை நிறுவனங்கள் வளர வளர அதன் விருந்தினர் ஆனார் என்பதும், பங்காளி என்னும் அந்தப் பழைய நிலை இன்று சிறிய மேடைகளிலேயே எஞ்சியுள்ளது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

இதனை ஓர் அயல்நாட்டுச் செய்தியாக மலேசிய வாசகர் கருத வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் சிங்கப்பூரில்தான் தொடங்கப்பெற்றது. அத்துறையின் தமிழ் நூலகத்துக்கு அடித்தளமிட்ட பொருள், விழாக்களுக்கு வந்துபோன அதே எளிய மக்களிடமிருந்து வந்தது. அச்செய்தி பின்னர் விளக்கப்பெறும்.

பந்தயம் காணச் சென்றவர்

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் தொடக்ககால நூல்களுள் ஒன்று, ஒரு பார்வையாளரின் கண்வழியே எழுதப்பெற்றிருப்பது வியப்புக்குரியது. 1893இல் வெளிவந்த ந. வ. இரங்கசாமி தாசனின் ‘அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி’ என்னும் நூலே அது. குதிரைப் பந்தயம் நடைபெற்ற திடல் அந்நாளில் சிராங்கூன் சாலையை ஒட்டி, இன்று ஃபேரர் பார்க் எனப்படும் பகுதியில் இருந்தது. 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை பந்தயங்கள் அவ்விடத்திலேயே நிகழ்ந்தன.

பந்தயத்தை ஏற்பாடு செய்தவர்கள் ஐரோப்பியர். அவர்களுடைய சங்கத்தின் வரலாற்றில் தமிழருக்கு இடமிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும், பந்தயம் பார்க்கப் புறப்படுகின்ற ஒரு தமிழர் வழியில் காணும் தெருக்களையும் கடைகளையும் மக்களையும் லாவணி மெட்டில் பாடும்போது, நகரமே அவருடைய காட்சிப் பொருளாகிவிடுகின்றது. பந்தயம் ஒரு சாக்குத்தான். போகும் வழியே பாடுபொருள். விழாவுக்குச் செல்லுதல் என்பது அரங்கினுள் நுழைந்த பின்னர் தொடங்குவதன்று, வீட்டை விட்டுப் புறப்படும்போதே தொடங்கிவிடுவது என்னும் உண்மையை இந்நூல் நமக்கு உணர்த்துகின்றது. இதே கோணத்தில் எழுதப்பெற்ற இன்னொரு நூல் அடுத்த அறுபது ஆண்டுகளில் கிடைத்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகர மக்களின் மாலைப் பொழுதை ஈர்த்துக்கொண்டவை நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என்னும் மூன்று கேளிக்கைப் பூங்காக்கள். இவற்றுள் முதலாவதாகிய நியூ வோர்ல்டு 1923இல் ஜாலான் புசார் பகுதியில், அதாவது தமிழர் செறிந்து வாழ்ந்த சிராங்கூன் சாலைக்கு அணித்தே, தொடங்கப்பெற்றது. மலாய் பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, திரைப்படம் ஆகிய யாவும் ஒரே வளாகத்தில் நடைபெற்றன. எந்த இனத்தவரும் எந்தக் கொட்டகையின் முன்னும் நிற்கலாம். மொழி புரியாமலேயே ரசிக்கும் பழக்கம் அங்கு வளர்ந்தது எனலாம். பல்லினப் பண்பாட்டு விழா என்னும் கருத்தைப் பின்னாளில் அரசு முன்வைத்தபோது அது மக்களுக்குப் புதுமையாகத் தோன்றாமைக்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகும்.

திருநாளுக்கு வந்தவர்கள்

தமிழருக்கெனச் சமயச் சார்பற்ற ஒரு பொதுவிழா வேண்டும் என்னும் எண்ணத்தைச் செயலாக்கியவர் கோ. சாரங்கபாணி (1903–1974). திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்த அவர், 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். ஊர், சாதி, சமயம் என்னும் அடிப்படையில் பல்வேறு சங்கங்களாகப் பிரிந்துகிடந்த தமிழரை ஒரு குடையின்கீழ் கொணரும் நோக்கில் 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவாயிற்று. அடுத்த ஆண்டு, 1952இல், பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பெற்றது.

அக்காலத் தமிழருக்கு விழா எனின் பெரிதும் கோயில் விழாவே. தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் வருவோர் நேர்த்திக்கடனுக்காகவும் வழிபாட்டுக்காகவும் வந்தனர். இந்து, இசுலாமிய, கிறித்துவத் தமிழர் மூவரும் ஒரே பந்தலில் அமர வேண்டுமாயின் அவர்களை இணைக்கக்கூடியது மொழி ஒன்றே எனச் சாரங்கபாணி கண்டார். எனவே, திருநாளில் தெய்வத்தின் இடத்தைச் சொற்பொழிவும் இசையும் நாடகமும் போட்டிகளும் பெற்றன.

இவற்றுள் போட்டிகளைத் தனித்து நோக்குதல் வேண்டும். பேச்சு, கட்டுரை முதலிய போட்டிகளில் பங்கேற்றவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பள்ளி மாணவர்களும் இளைஞர்களுமே. பேசுகின்ற சிறுவனுக்கு முன்னே அவனுடைய தாயும் ஆசிரியரும் தெருவாசிகளும் அமர்ந்திருப்பர். தன் முறை முடிந்ததும் அவனும் இறங்கிவந்து அவர்களோடு அமர்ந்து அடுத்தவரைக் கேட்பான். மேடைக்கும் தரைக்கும் இடையே ஓயாத போக்குவரத்து இருந்தது. அக்காலத்தில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றமும் இத்தன்மையதே. இதழைப் படிக்கின்ற மாணவரே அதில் எழுதுபவருமானார். வாசகர், எழுத்தாளர், போட்டியாளர், பார்வையாளர் என்னும் நான்கு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. பின்னாளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எழுத்தாளர்களாக மலர்ந்த பலருக்கு மணிமன்றம் நாற்றங்காலாக இருந்ததை இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். திருநாள் பந்தலுக்கும் அப்பெருமையில் பங்குண்டு.

இங்கு ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைக் கூற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் முயற்சி நடந்தபொழுது, அத்துறையில் எம்மொழிக்கு முதன்மை தருவது என்னும் வினா எழுந்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழிக்கு ஆதரவான பரிந்துரையை வழங்கினார். இதனை எதிர்த்துத் தமிழே வேண்டும் எனத் தமிழ் முரசு குரல் எழுப்பியது. குரல் எழுப்பியதோடு நில்லாது, துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக மக்களிடம் நிதியும் திரட்டியது. ஒரு பல்கலைக்கழகத் துறையின் நூலகத்துக்குக் கல்லூரி வாசலையே மிதித்திராத மக்கள் பொருளுதவி செய்தமை, தமிழ்க் கல்வி வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி. இதனைச் சாரங்கபாணியின் தலைமைத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுவது நம்மிடையே வழக்கம். அது பொருந்தும். ஆயினும், கேட்டவர் ஒருவர், கொடுத்தவர் பலர். பொதுப்பணி எனக் கேட்டவுடன் தம் பையில் கைவிடும் மனப்பாங்கு, மூன்று நான்கு ஆண்டுகளாகத் திருநாள்களில் கூடிப் பழகிய கூட்டத்திடம் உருவாகியிருந்தது என இக்கட்டுரையாளர் கருதுகின்றார். நாளிதழின் வாசகர் வட்டமும் திருநாளின் கூட்டமும் பெரும்பாலும் ஒன்றே என்பதை மறத்தலாகாது.

எனினும், அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. சீர்திருத்தவாதிகள் தம் பார்வையாளரை நேசித்தனர். அதேவேளை அவர்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாகவும் கருதினர். தீமிதியையும் காவடியையும் அவர்கள் கண்டித்த மேடைக்கு எதிரே, சென்ற மாதம் தீ மிதித்தவரும் அடுத்த மாதம் காவடி எடுக்கவிருந்தவரும் அமர்ந்திருந்திருப்பர். அவர்கள் கைதட்டினார்களா, எழுந்து சென்றார்களா, இரண்டையும் செய்தார்களா? தலைவர்களின் உரைகளைப் பதிந்து வைத்தோர் இதனைப் பதிய நினைக்கவில்லை.

செங்கல்லும் நுழைவுச்சீட்டும்

1959இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரில் பண்பாட்டுக்கென ஓர் அமைச்சு உருவாகி, யாழ்ப்பாணத்தில் பிறந்த சி. இராசரத்தினம் அதற்கு அமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், நம்மவர் பூமலை என்றழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் ‘அனேக ராகம் ராயாட்’ என்னும் பல்சுவை நிகழ்ச்சி திறந்தவெளியில் நடத்தப்பெற்றது. மலாய், சீன, இந்திய, மேலைக் கலைகள் ஒரே மேடையில் இடம்பெற்றன. கேளிக்கைப் பூங்காவில் தனித்தனிக் கொட்டகைகளில் இருந்தவை இப்பொழுது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பார்வையாளரிடம் எதிர்பார்க்கப்பட்டதும் மாறியது. பூங்காவில் அவர் விரும்பியதைப் பார்த்தார். பூமலையில் அடுத்தவருடைய கலையையும் பொறுமையாகப் பார்க்கக் கற்றார். புதிய நாட்டின் குடிமகனுக்குரிய பயிற்சியாக இது கருதப்பட்டது.

1963 ஆகஸ்டில் தென்கிழக்காசியப் பண்பாட்டு விழாவோடு தேசிய அரங்கம் திறக்கப்பெற்றது. ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் எழுந்த அவ்வரங்கின் செலவில் ஒரு பகுதி பொதுமக்களிடமிருந்து திரட்டப்பட்டது. ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்பது அந்த நிதித்திரட்டின் முழக்கம். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குச் சில ஆண்டுகளே பின்னர் இது நிகழ்ந்தது. தமிழ் நூலகத்துக்குக் கொடுத்த கை ஒன்று, நகரின் பொது அரங்குக்கும் ஒரு செங்கல் கொடுத்திருக்கலாம். வெள்ளி கொடுத்தவருக்கு அந்த அரங்கில் உரிமை உண்டு என்னும் உணர்வு எளிதில் தோன்றும். 1986இல் அவ்வரங்கம் இடிக்கப்பட்டபொழுது, கட்டடத்தோடு அவ்வுணர்வும் போயிற்று. பின்வந்த அரங்குகளுக்கு மக்கள் கொடுத்தது நுழைவுக் கட்டணம். செங்கல்லுக்கான வெள்ளியை யாரும் கேட்கவில்லை.

தமிழ்ப் பார்வையாளரின் நிலையை இவற்றைவிட ஆழமாக மாற்றியது கலை உலகுக்குப் புறத்தே நிகழ்ந்த ஒன்று. அது குடிபெயர்ப்பு. சிராங்கூன் சாலை, தஞ்சோங் பகார், செம்பவாங் கடற்படைத் தளம் முதலிய இடங்களில் தமிழர் அருகருகே வாழ்ந்தனர். கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்புகளில் தமிழ் நாடகங்கள் அரங்கேறின. ஒத்திகைச் சத்தம் கேட்டே ஊருக்கு நாடகம் தெரிந்துவிடும், விளம்பரம் தேவையில்லை. 1971இல் ஆங்கிலேயப் படைகள் வெளியேறியதும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு மக்கள் மாறியதும் இந்த அண்மையைக் குலைத்தன. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, குடியிருப்புப் பேட்டைகளில் ஓரினம் செறிவதற்கு வரம்பு விதித்தது. நாட்டின் ஒற்றுமைக்கு அக்கொள்கை ஆற்றிய பணியை இங்கு மதிப்பிட வேண்டியதில்லை. தமிழ் விழாவைப் பொறுத்தவரை அதன் விளைவு தெளிவானது. நடந்து வந்துகொண்டிருந்தவர் பேருந்தும் பெருவிரைவு ரயிலும் ஏறி வரவேண்டியவரானார். நடந்து வருபவர் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஒரு மணிநேரம் பயணம் செய்து வருபவர் வருவதற்கு முன்பே, அது வரத்தக்கதா என எண்ணிப் பார்ப்பார். தமிழ் விழாக்களுக்குக் கூட்டம் குறைந்தது மொழிப்பற்றுக் குறைந்ததனால் எனப் பேசுவோர் பேருந்துத் தடங்களையும் சற்று ஆராய்தல் நலம்.

இதே காலக்கட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளும் மறைந்தன. எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. போட்டியாளராகவும் பார்வையாளராகவும் மாறி மாறி இருந்த மாணவரைத் திருநாளுக்கு அளித்துவந்த ஊற்று அவ்வாறு வற்றியது.

மறுபுறம், நகரின் கலை நிறுவனங்கள் வலுப்பெற்றன. 1977இல் சிங்கப்பூர்க் கலை விழா தொடங்கியது. 1986இல் எழுத்தாளர் வாரம் தொடங்கி, பின்னர் எழுத்தாளர் விழாவாக வளர்ந்தது. 1987இல் அனைத்துலகத் திரைப்பட விழா வந்தது. 1991இல் தேசியக் கலை மன்றம் அமைந்தது. தமிழ்க் கலைஞர்களும் தேசிய அளவில் அறிந்தேற்பு பெற்றனர். நாடகத்துக்காக எஸ். வரதன் 1984இலும், இலக்கியத்துக்காக ந. பழநிவேலு 1986இலும் கலாசாரப் பதக்கம் பெற்றனர். இவை போற்றத்தக்க வளர்ச்சிகளே. இவற்றில் பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்குபவராகவும், விழா முடிந்தபின் எண்ணிக்கையாகவும் இடம்பெற்றார்.

ஆர்மீனியன் தெருவில்

1990 செப்டம்பரில், ஆர்மீனியன் தெரு 45ஆம் எண் கட்டடத்தில், பயன்படாது கிடந்த ஒரு துணை மின்நிலையத்தைக் கலை நிலையமாக மாற்றினார் நாடகாசிரியர் குவோ பாவ் குன் (1939–2002). ‘சப்ஸ்டேஷன்’ என்றே அதற்குப் பெயர். சிங்கப்பூரின் முதல் தனித்துவக் கலை நிலையம் இது எனப் பொதுவாக ஏற்கப்படுகின்றது. ஏறத்தாழ நூறு பேர் அமரக்கூடிய அதன் சிற்றரங்கில் நாடகம், குறும்படம், கவிதை வாசிப்பு, இசை எனப் பெரிய விழாக்கள் ஏற்கத் தயங்கும் முயற்சிகளுக்கு இடம் கிடைத்தது.

தமிழருக்கு இதில் என்ன எனக் கேட்கலாம். குவோ பாவ் குன்னின் 1988ஆம் ஆண்டு நாடகமாகிய ‘பூனையைத் தேடும் அம்மா’வைக் கருதுக. சீன வட்டார வழக்குகள், மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகியவை ஒரே நாடகத்தில் பேசப்பட்டன. பிள்ளைகளோடு பேசமுடியாத ஹொக்கியன் மூதாட்டி, தன்னைப் போலவே பூனையைத் தேடுகின்ற ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கின்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆயினும் புரிந்துகொள்கின்றனர். அரங்கிலிருந்த எவருக்கும் எல்லா உரையாடலும் முழுமையாக விளங்கியிருக்க வாய்ப்பில்லை. ஒரு காட்சியில் விளங்காது திகைத்தவர் அடுத்த காட்சியில் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கக்கூடியவராகிறார். பெரும்பான்மைச் சீனர் நடுவே அமர்ந்த தமிழ்ப் பார்வையாளருக்கு, அந்த முதியவர் தோன்றும் காட்சி அளித்திருக்கக்கூடிய உரிமையைப் பெரிய விழாக்களின் அரைமணி நேர இந்திய நடனங்கள் அளித்ததில்லை. தனித்துவக் கலைஞர் ஒருவரின் படைப்பு, பார்வையாளரை மீண்டும் பங்காளியாக்கியது.

பங்காளி நிலை எப்பொழுதும் எளிதாக ஏற்கப்பட்டதன்று. 1994 தொடக்கத்தில், நிகழ்த்துகலைக்கும் கருத்தாடல் அரங்குக்கும் நிதியளிப்பதில்லை என அரசு முடிவு செய்தது. கருத்தாடல் அரங்கில் பார்வையாளரே எழுந்து மேடைக்குச் சென்று கதையின் போக்கை மாற்றுவார். முன்கூட்டி எழுதப்பெற்ற பனுவல் இராது. அதுவே அரசின் தயக்கத்துக்குக் காரணம். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே இம்முடிவு தளர்த்தப்பட்டது. சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் பார்வையாளர் ஒரு சிக்கலாகக் கருதப்பட்ட காலம் இது. கிராமக் கூத்தில் கட்டியங்காரனோடு மறுமொழி பேசிய கூட்டத்தின் வழிவந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும்.

தமிழ் நாடகத்தில் இந்தத் தனித்துவப் போக்கின் முன்னோடியாக இளங்கோவனைக் குறிப்பிடலாம். எஸ். தேன்மொழியோடு இணைந்து அவர் நடத்திய அக்னிக் கூத்து, கசப்பான பொருள்களைத் தயக்கமின்றி மேடையேற்றியது. மணவாழ்வில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணின் குரலாக அமைந்த ‘தலாக்’ 1998 இறுதியில் தமிழில் நடைபெற்றது. சமூக அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்புக்குப் பின், 2000இல் அதன் மலாய், ஆங்கில வடிவங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இதனைக் கருத்துரிமைச் சிக்கலாக ஆராய்ந்த கட்டுரைகள் உள. நம் நோக்கில் வேறொன்று புலப்படுகின்றது. அந்நாடகத்தைத் தமிழில் நேரில் கண்டவர்கள் ஒரு சில நூறு பேரே ஆகலாம். பின்னர் எழுந்த வாதங்கள் அனைத்துக்கும் அவர்களே கண்கண்ட சான்று. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. வாதம் பெரும்பாலும் படைத்தவருக்கும் தடுத்தவருக்கும் இடையே நடந்து முடிந்தது.

திரைப்படத்திலும் இத்தகைய சிறு மேடைகளே தொடக்கமாயின. கே. இராஜகோபால் 1990களில் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்காகப் பரிசு பெற்றார். அவருடைய முழுநீளப் படமாகிய ‘ஏ யெல்லோ பேர்ட்’ 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. அதற்கு முன்பே, 2008இல், எரிக் கூ தமிழில் எடுத்த ‘மை மேஜிக்’ கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அப்போட்டிப் பிரிவை எட்டிய முதல் சிங்கப்பூர்ப் படம் ஒரு தமிழ்ப் படம் என்பதை நம் ஆசிரியர்கள் வகுப்பில் அடிக்கடிச் சொல்லலாம். தமிழகத் திரைப்படம் பார்க்க அலையலையாக வருகின்ற இரசிகர், பக்கத்துத் தெருவில் எடுத்த தமிழ்ப் படத்துக்கு ஏன் அவ்வாறு வருவதில்லை என்பதும் வகுப்பில் எழுப்பத்தக்க வினாவே.

சப்ஸ்டேஷன் 2021இல் ஆர்மீனியன் தெருக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. அப்பொழுது வெளிப்பட்ட நினைவுகளில் கலைஞர்களின் குரலோடு அங்கு அமர்ந்து பார்த்தவர்களின் குரலும் கலந்திருந்தது. எழுத்துவழி நோக்கின், தேசிய அரங்கின் செங்கல்லுக்குப் பிறகு பார்வையாளர் தமக்குரியதெனக் கருதிய கட்டடம் இதுவாகலாம்.

அழைத்துச் செல்லப்படும் பார்வையாளர்

2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. அதனையடுத்து ஆண்டுதோறும் தீபாவளிப் பருவத்தை ஒட்டி நடைபெறும் ‘கலா உத்சவம்’ இந்தியக் கலைகளுக்கு நகரின் நடுவே நிலையான இடத்தை அளித்தது. கட்டணமில்லா நிகழ்ச்சிகளுக்கு வழிப்போக்கரும் நின்று பார்க்கின்றனர். பழைய கேளிக்கைப் பூங்காவின் சாயல் அங்கு உண்டு. 2000இல் அமைந்த வளர்தமிழ் இயக்கத்தின் முயற்சியால் 2007 முதல் தமிழ்மொழி விழா நடைபெற்று வருகின்றது. ஏப்ரல் மாதம் முழுவதும் பல்வேறு அமைப்புகள் தத்தம் நிகழ்ச்சிகளை அதன்கீழ் நடத்துகின்றன. அமைப்பு முறையில் இது தமிழர் திருநாளின் நேரடி வழித்தோன்றல் எனலாம். பல சங்கங்கள், ஒரு குடை, மொழியே இணைப்பு.

வேறுபாடு கூட்டத்தில் உள்ளது. இன்றைய விழா நிகழ்ச்சிகளின் இருக்கைகளில் குறிப்பிடத்தக்க பங்கு பள்ளி மாணவர்களுடையது. அவர்களை ஆசிரியர்கள் பேருந்தில் அழைத்து வருகின்றனர். தமிழை வீட்டில் பேசாத பிள்ளைக்கு ஒரு முழு மாலைப் பொழுது தமிழ் கேட்கும் வாய்ப்பு பெரிது. அதற்காக வார இறுதியைத் துறக்கும் ஆசிரியர்களின் உழைப்பை இக்கட்டுரையாளர் நன்கறிவார். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து திரும்புகையில் ஒரு மாணவனிடம் என்ன பார்த்தாய் என வினவியபோது, அவன் தன் பங்கேற்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினான். அவன் மீது குற்றமில்லை. பார்த்ததைச் சொல்லுமாறு அதுவரை அவனை யாரும் கேட்டிருக்கவில்லை. 1950களின் சிறுவன் மேடையேறிப் பேசிவிட்டுத் தரையில் அமர்ந்தான். இவன் அழைத்து வரப்பட்டான், அமர்த்தப்பட்டான், எண்ணப்பட்டான். இன்றும் போட்டிகள் உள. அவற்றுள் பங்கேற்போர் சிறப்பாகவே செய்கின்றனர். ஆனால், போட்டியாளரைப் பின்வரிசையில் வாளாவிருப்பவரிடமிருந்து பிரிக்கும் கோடு முன்னைவிடத் தடித்துவிட்டது.

சிறிய கூட்டங்களில் அக்கோடு மெலிகின்றது. 1976இல் தோன்றிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களத்திலும், 2000இல் தொடங்கிய கவிமாலையின் மாதாந்தரச் சந்திப்பிலும் வருகின்றவர் தம் கதையையோ கவிதையையோ கொண்டுவரலாம். மற்றவருடையதைக் கேட்டுக் கருத்துரைக்கலாம். வருவோர் தொகை பெரிதன்று. இருப்பினும், நாளிதழும் திருநாளும் மணிமன்றமும் சேர்ந்து உருவாக்கிய பழைய பார்வையாளரை இன்று காண விரும்புபவர் அங்குச் செல்வதே தகும்.

கோவிட்-19 தொற்றினால் 2020இல் அரங்குகள் மூடப்பட்டபோது விழாக்கள் திரைக்கு மாறின. எங்கிருந்தும் பார்க்கலாம் என்னும் வசதி, நடக்க இயலாத முதியோருக்கும் ஜொகூருக்கு அப்பால் இருந்த நமக்கும் நன்மையாயிற்று. நேரலையைத் திறந்துவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவரையும் கணினி பார்வையாளராகவே எண்ணியது. எண்ணிக்கை என்னும் அளவுகோலின் குறையை இதைவிட நன்றாக எவரும் காட்டியிருக்க முடியாது.

ஆவணங்களும் ஆசிரியர்களும்

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்க வடிவில் தொகுக்கும் திட்டம், தன்னார்வலரும் தேசிய நூலக வாரியமும் இணைந்து செயல்பட்டதன் பயனாக, நாட்டின் பொன்விழா ஆண்டாகிய 2015இல் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் மின்தொகுப்புகள் உருவாயின. பழைய அழைப்பிதழ்களும் நிகழ்ச்சிநிரல்களும் ஒளிப்படங்களும் இவற்றால் காப்பாற்றப்பட்டுள்ளன. எந்த நாட்டுத் தமிழரும் பின்பற்றத்தக்க பணி இது. மலேசியாவில் இதற்கு இணையாக நாம் செய்தது குறைவு. ஆனால், இத்தொகுப்புகள் இயல்பாகவே படைத்தோரைச் சுற்றி அமைந்துள்ளன. ஒளிப்படக்காரர் மேடையை நோக்கியே நின்றார். கூட்டத்தை நோக்கி அவர் திரும்பிய ஓரிரு படங்களில் முன்வரிசைப் பிரமுகர்களே தெளிவாகத் தெரிகின்றனர்.

வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதற்கென 1979இல் சிங்கப்பூரில் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் அங்கமாக உள்ள அதன் முறையைத் தமிழாசிரியர்கள் தம் அளவில் கைக்கொள்ளலாம். மாணவர்களிடம் சொற்பொழிவின் சுருக்கத்தை எழுதிவரப் பணிப்பதற்கு மாற்றாக, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் சில கேள்விகளைக் கேட்டு வரச் சொல்லலாம். திருநாளுக்கு யாருடன் போனீர்கள்? நடந்தா, வண்டியிலா? எங்கே உட்கார்ந்தீர்கள்? பெண்கள் எப்பக்கம் இருந்தனர்? எப்பொழுது எழுந்து வந்தீர்கள்? வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள்? கடைசிக் கேள்வியே தலையாயது என்பதைக் குதிரைப் பந்தய லாவணியைப் படித்தவர் அறிவர்.

ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் இப்பயிற்சிக்கு ஆள் கிடைக்காமற் போகாது. திருநாள் மலாயாவின் பிற ஊர்களுக்கும் பரவியதால், அதில் அமர்ந்திருந்தோர் இருபுறத்திலும் வாழ்கின்றனர். 1952இல் பத்து வயதில் தந்தையின் தோளருகே நின்று முதல் திருநாளைப் பார்த்தவருக்கு இப்பொழுது எண்பது கடந்துவிட்டது.